ஆட்டுச் சத்தத்துக்கு அசைந்த கை

முதலில் கத்துவதை நிறுத்துங்கள்.

போன வாரம் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம். "தூக்குங்க, தூக்குங்க, இன்னுங் கொஞ்சம், தூக்குங்க." உள்ளே வாதத்தில் கை விழுந்த ஒரு பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி நின்று நீங்கள் கத்துகிறீர்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கைதான் கேட்கவில்லை. கைக்குக் காது கிடையாது.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். வாய் வரை வந்தது. ஓய்வு பெற்றவள் வந்த இடத்தில் சத்தம் போட்டால் நன்றாக இருக்காது என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். பிறகு உங்கள் டாக்டர் போன் செய்து, புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்றவள். வாதம் வந்து கை கால் விழுந்தவர்களைப் பயிற்சி அறையில் பிடித்து நிறுத்துவதும், உட்கார வைப்பதும், விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. அதில் முடி நரைத்தது. அவ்வளவுதான் என் படிப்பு. எப்படிப் பிடிப்பது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

நானும் உங்களைப் போலக் கத்தியவள்தான். என்னை நிறுத்தியது ஒரு போளி.

மில்லில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி. வலது கை விழுந்துவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் சண்டைக்கு வருவீர்கள். ஒரு மதினி பிய்த்து வாயில் வைக்கிறாள். இன்னொருத்தி வாயைத் துடைக்கிறாள். மனிதர் கோவில் மாடு மாதிரி மென்றுகொண்டிருக்கிறார். காலை முழுவதும் நான் தொண்டை கிழியக் கத்தியும் அந்தக் கை ஒரு நூல் நகரவில்லை.

அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பிசியோதெரபி டாக்டரம்மா உள்ளே வந்தார். வயது என்னில் பாதி. வந்தவர் போளித் தட்டை வாங்கி, அண்ணாச்சியின் விழுந்த கைக்குக் கொஞ்சம் தள்ளி மேசையில் வைத்தார். "எடுத்துக்கங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சொந்தக்காரர்களுக்கு முகம் சுருங்கிப் போனது.

"ஏம்மா, நோயாளிகிட்ட வெளையாடுதீங்க?" என்றாள் அந்த மதினி.

கை நகர்ந்தது. எட்டவில்லை, பாதி வழியில் நின்றது. ஆனால் நகர்ந்தது. டாக்டரம்மா தட்டை அந்த விரல்களுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார். அண்ணாச்சி எடுத்தார். பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போனது.

எனக்கு எரிச்சல். "அப்போ இவ்வளவு நேரம் நடிச்சிருக்காரு" என்றேன்.

"இல்லக்கா" என்றார் டாக்டரம்மா. "கையை அசைக்கிறதுக்குன்னு மூளையில ஒரு இடம் இருக்கு. அது சும்மா உத்தரவு போடுற இடம்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. இந்த அசைவுக்குப் பின்னால நமக்கு ஏதாவது வரப்போகுதா இல்லையான்னு அந்த இடத்துக்கே ஒரு கணக்கு இருக்கு. வரும்னா ஒரு மாதிரி வேலை செய்யும், வராதுன்னா வேற மாதிரி. அதுவும் கை நகர்றதுக்கு முன்னாலயே. குரங்கை வெச்செல்லாம் பாத்திருக்காங்க."

"வரும் வராதுன்னு அதுக்கு யாரு சொல்லுதா?"

"முன்னால கெடச்சதை வெச்சுக் கத்துக்குது. குடுத்தா நம்பும். ஏமாத்தினா அதையும் கத்துக்கும்."

பிறகு ஒன்று சொன்னார். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு அடியோடு செத்திருந்தால் போளி வைத்தாலும் வராது, பொற்காசு வைத்தாலும் வராது. உயிர் கொஞ்சம் மிச்சம் இருக்கிற கையைத்தான் இப்படி எழுப்ப முடியும். எல்லாரையும் போளியால் எழுப்பலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். உங்களைப் பார்த்தால் கிளம்பிவிடுவீர்கள் போலத்தான் இருக்கிறது.

இனி சுப்புத்தாய் கதை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுப்புத்தாய்க்குப் புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் இல்லை. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். பிறகு ஆடு வாங்கி, அதுவே பிழைப்பாகிவிட்டது. எல்லாம் கன்னி என்கிற கறுப்பு ஜாதி ஆடுகள். ஒரே மகன் முனீஸ், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு நாள் காலையில் ஆட்டுக் கொட்டிலில் விழுந்து கிடந்தவளைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறாள். இடது கையும் இடது காலும் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. அது எங்களுக்கு வந்த சோதனை.

கால் சீக்கிரமே தேறியது. கைதான் வரவில்லை. முனீஸ் வந்து ஒரே முடிவாகச் சொன்னான்.

"அக்கா, எங்கம்மாவால தனியா அடுப்பப் பத்தவச்சு, பானைய எறக்க முடிஞ்சா ஊர்ல விட்டுட்டுப் போறேன். முடியலன்னா ஆட்ட வித்துட்டுத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நாங்க இருக்கதே ஒத்த ரூம்பு. இருந்தாலும் என்ன செய்ய."

அவனை நான் குறை சொல்லமாட்டேன். பயந்து போயிருந்தான். பேச்சியம்மாள் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

சுப்புத்தாய் திருப்பூர் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரில் இருக்க வேண்டும், ஆடு இருக்க வேண்டும். அதற்கு இடது கை வேண்டும். இவ்வளவு தெரிந்தவள் பயிற்சி செய்வாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன்.

பிளாஸ்டிக் கூம்புகள் இருக்கின்றனவே, இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது, அதைக் கொடுத்தேன்.

"இத எடுத்து அங்கன வச்சா?"

"திரும்ப எடுத்து இங்கன வைக்கணும்க்கா."

"பெறவு?"

"பெறவு திரும்ப அங்கன."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்குக் கிறுக்கு கிறுக்கு ஏதும் உண்டா?"

"கை வரணும்லாக்கா."

"எப்ப வரும்?"

இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? எப்போதோ வரும். வந்தாலும் வரும். இதை வைத்துக்கொண்டு ஒரு கையை வேலை வாங்க முடியுமா? ஆனாலும் கத்தினேன். தூக்குங்க, தூக்குங்க. அவள் கூம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வலது கையால் எடுத்து அங்கே வைத்தாள். "வச்சாச்சு, போதுமா?" என்றாள்.

இப்படியே நாள் ஓடியது. ஒரு நாள் அவளே சொன்னாள். "தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு கட்டை நெறையக் குச்சி அடுக்கிக் குடுத்தா கையில டோக்கன் விழும், அதான் கூலிக் கணக்கு. டோக்கன் விழலன்னா அடுத்த கட்டையத் தொடமாட்டோம். மேஸ்திரி தலைகீழா நின்னாலும் தொடமாட்டோம். நீ என்னன்னா நாளெல்லாம் அடுக்கச் சொல்லுத, ஒண்ணயுங் காணும்."

எரிச்சலில் கேட்டேன். "சரிக்கா, ஒங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க, தாரேன்."

"ஆட்டப் பாக்கணும்."

ஆட்டை எப்படி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவருவது? டாக்டரம்மாவிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. பேச்சியம்மாளிடம் போன் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பட்டன் போன், படம் காட்டாது. சத்தம் போதும் என்றார்.

ஏற்பாடு இதுதான். சுப்புத்தாயின் இடது கை மேசையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பிய உடனே நான் போனை அழுத்த வேண்டும். அங்கே பேச்சியம்மாள் கொட்டிலுக்குள் போனை நீட்டுவாள். கை எழும்பாவிட்டால் போன் இல்லை. அதேபோல, கை எழும்பிய பிறகு போனைக் கொடுக்காமல் இருக்கவும் கூடாது. இதை டாக்டரம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் முறை கை எழும்ப வெகு நேரம் ஆனது. ஒரு விரல்கடை எழும்பியிருக்கும். நான் அழுத்தினேன்.

"ஏ மதினி," என்று பேச்சியம்மாள் கூவினாள், "ஒங்க கறுப்பி இங்கன என் சேலையத் திங்கா. நீங்க அங்கன மெத்தையில படுத்துக் கெடக்கீய."

பின்னால் ஆடுகள் கத்தின. சுப்புத்தாய் காதைப் போன் பக்கம் சாய்த்துக் கேட்டாள். "தண்ணி காட்டல, அதாங் கத்துது" என்றாள்.

"ஏன், அங்கனயிருந்தே தொட்டிய எட்டிப் பாத்துட்டீயளா?"

இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தக் கை மறுபடியும் எழும்பியது. அடுத்த நாள் கூம்பைத் தொட்டது. சில நாளில் பிடித்தது. எல்லா வேலையும் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆடு கத்தியது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் புகார் சொன்னார்கள். அந்த எரிச்சலையும் நான்தான் தாங்கினேன்.

ஒரு நாள் ஒன்றைக் கவனித்தேன். இடுப்பிலிருந்து போனை எடுக்க என் கை போகும்போதே, அவளுடைய இடது கை விரல்கள் லேசாகத் திறந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுப்புத்தாயின் முன்கையில் விரல் வைத்து, என்னை மறுபடி இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகச் சொன்னார். "சதை முறுக்குது, தொட்டுப் பாருங்கக்கா" என்றார். தொட்டேன். முறுக்கியது. அவள் தூக்கலாம் என்று நினைப்பதற்கு முன்பே கை தயாராகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் வந்தது வினை.

உங்களைப் போல வேலை பழக ஒரு பிள்ளை வந்திருந்தாள். கெட்டிக்காரி. அதுதான் சிக்கலே. பேச்சியம்மாள் மேய்ச்சலுக்குப் போய்விட்டால் போன் எடுக்கமாட்டாள், எடுத்தாலும் டவர் கிடைக்காது. நேரம் வீணாகிறது என்று இந்தப் பிள்ளை ஒரு நாள் பேச்சைத் தன் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டாள். நான் லீவில் இருந்த நாளில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். கை எழும்பியது, ஆடு கத்தியது. வேலை சுலபமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். மறுநாளும் அதையே போட்டாள். நான் அந்தப் பக்கம் வந்தபோது சுப்புத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேச்சி நேத்து இருமுன எடத்துலயே இன்னைக்கும் இருமுதாளே, அது எப்பிடி?"

பிள்ளை விழித்தாள்.

"ஏட்டி, டப்பாவுல அடைச்சு வச்சா காட்டுத?"

அவ்வளவுதான். கை மேசையில் விழுந்தது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் இடுப்பில் கை வைத்தேன், விரல் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டு நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவளே முயன்று பார்த்தாள். நெற்றி வியர்த்தது. கை கல் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்து அவளும் பயந்துவிட்டாள். என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "ஏ பிள்ள, திருப்பூருதானா?"

அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன். "என்ன செஞ்சுவச்சிருக்கே?"

"அதே ஆடுதானக்கா. அதே சத்தந்தான. என்ன வித்தியாசம்?"

என்ன வித்தியாசமாம். எனக்கு வந்த எரிச்சலில் அவளை ஒரு வழி செய்திருப்பேன். ஆட்டின் சத்தத்துக்கா அந்தக் கை எழும்பியது? இந்த நிமிஷம் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே எழும்பியது? நேற்றையதைக் கொடுத்தால் அது செல்லாது. வாய் சாமர்த்தியத்தால் மனுஷியைச் சமாளித்துவிடலாம். கையைச் சமாளிக்க முடியாது. அது ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த தடவைக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

டாக்டரம்மா வேறு பயிற்சிக்கு மாறலாமா என்று யோசித்தார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுப்புத்தாயிடம் போனேன். "ஏக்கா, இவ ஏமாத்திட்டா. இனிமே பதிவு பண்ணினது கிடையாது. கெடச்சா பேச்சி, கெடைக்கலன்னா இல்ல" என்றேன். அப்போதே அவள் கண்முன்னால் போனைப் போட்டேன். கையைத் தூக்கச் சொல்லவில்லை. கடன் எங்கள் பக்கம் இருந்தது.

பேச்சியம்மாள் எடுத்தாள். குரல் சரியில்லை.

"மதினி, எப்பிடிச் சொல்லுதுன்னு தெரியல. வெள்ளக்காதுக் குட்டிய நாய் கடிச்சுக் கொன்னு போட்டுட்டு."

டாக்டரம்மா என் பக்கத்தில் நின்றார். போனை நிறுத்து என்று கண்ணைக் காட்டினார். அவர் நினைத்தது தப்பில்லை. ஏற்கனவே கை போய்க் கிடக்கிறது, இரத்த அழுத்தம் வேறு. நிறுத்திவிட்டு, டவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நாமெல்லாம் அப்படித்தான் செய்கிறோம். நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம், நாளைக்கு மகன் வந்துருவான், கை நல்லா வந்துருச்சு. ஒரு வாரம் இந்த அறையில் உட்கார்ந்து கேளுங்கள், எத்தனை பொய் என்று.

நான் நிறுத்தவில்லை. சரியா தப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் விழுந்தால் பிடிக்கத் தயாராக நின்றேன், அவ்வளவுதான்.

சுப்புத்தாய் வலது கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"தாயாடு பால் கட்டிக் கெடக்கா?"

"கட்டிக் கெடக்கு மதினி. கறுப்பி குட்டிய அதுகிட்ட ஊட்ட விட்டேன். மொதல்ல எத்துச்சு, பெறவு நின்னுட்டு."

"இன்னொருக்க விட்டுப் பாரு. நான் கேக்கணும்."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் இடது கையைத் தூக்கினாள். யாரும் கேட்கவில்லை. மேசையிலிருந்து மார்பு வரைக்கும் வந்தது. அதுவரை அந்த உயரத்துக்கு வந்ததில்லை. அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. போனில் ஆடு கனைக்கிற சத்தம் வந்த பிறகுதான் இறங்கியது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். நல்ல கதை என்று சொல்லிக்கொண்டு திரிவீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது வழக்கம். மழை பெய்து ஓய்ந்த சமயம். டாக்டரம்மாவுக்கு அன்று வேறு வேலை. நானும் அந்தப் பிள்ளையும் சுப்புத்தாயை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். கரிசல் மண் டயரில் அப்பி, ஊருக்கு வெளியிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. அவளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். செருப்பு மண்ணோடு ஒரு படி கனத்தது. முனீஸ் திருப்பூரிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தான். பேச்சியம்மாளும் நின்றாள். ஆடுகள் இவளைப் பார்த்ததும் கொட்டிலின் குச்சிப் படலுக்குள்ளிருந்து கத்தின. ஆனால் சுப்புத்தாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். சிலிண்டர் தீர்ந்து கிடந்தது. விறகடுப்புதான்.

முனீஸ் வாசல் நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பத்தவைம்மா. பத்தவச்சா இங்கனயே இரு. இல்லன்னா வண்டி ஏறு. நான் வேற ஒண்ணும் சொல்லல."

தீப்பெட்டியை இடது கையில் வாங்கினாள். வலது கையில் குச்சி. உரசினாள். பெட்டி நசுங்கிவிட்டது. இடது கை அப்படி இறுக்கியது. இன்னொரு பெட்டி எடுத்துக் கொடுத்தேன். அதுவும் நசுங்கியது. அறையில் இதே வேலையை எத்தனையோ முறை செய்தவள். பெட்டியை முட்டை மாதிரிப் பிடிப்பாள். இப்போது விரல்கள் வெளுத்துப் போயின, தோள் காதுவரை ஏறிவிட்டது.

"அக்கா, மெல்லப் பிடிங்க, மெல்ல, மெல்ல" என்று அந்தப் பிள்ளை ஆரம்பித்தாள். வாயை மூடு என்றேன்.

டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். பலன் இருக்கிறது என்று தெரிந்தால் கை எழும்பும். பலன் ரொம்பப் பெரிதாகி, ரொம்பக் கிட்டே வந்து நின்றால், அந்தக் கையே கெட்டுப்போகும், இறுக்கிவிடும். விழாத கைக்கே அப்படியென்றால் இந்தக் கைக்கு எப்படி? வீடும் ஆடும் ஊரும் மொத்தமாக ஒரு தீக்குச்சியில் வந்து நிற்கிறது. எந்தக் கை தாங்கும்?

முனீஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், போதும் என்பதுபோல. இன்னும் ஒரு பெட்டி நசுங்கினால் முடிவு செய்துவிடுவான்.

"தம்பி, ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "பத்துனாலும் பத்தாட்டாலும் இங்கனயே இருக்கட்டும்னு சொல்லுங்க. பெறவு பாப்போம்."

"அது எப்பிடிக்கா? பத்தலன்னா?"

"கேஸ் வாங்கிப் போடுங்க. பேச்சியம்மா பாத்துக்கிடுவா. ஒரு கை இல்லாம எத்தன பேரு பொழைக்கா. சும்மா சொல்லக் கூடாது, மனசாரச் சொல்லணும். முடியாதுன்னா இப்பமே கூட்டிட்டுப் போங்க. இவள இப்பிடி நிறுத்தி வைக்காதீங்க."

அவன் நசுங்கின பெட்டிகளைப் பார்த்தான், கட்டியிருந்த கையை இறக்கினான். பேச்சியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. இரும்மா. இங்கனயே இரு."

சுப்புத்தாயின் தோள் இறங்கியது. பெட்டியை மெல்ல அடுப்பு மேட்டில் வைத்தாள். இப்போது எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இப்ப பத்தவைங்க" என்றேன்.

"என்னத்துக்கு? இருக்கச் சொல்லிட்டாம்லா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனீஸ் என்னை முறைத்தான். "இதுக்குத்தான் சொல்லச் சொன்னீங்களாக்கா?" என்றான். வாசிக்கிற நீங்கள் பதில் சொல்லுங்கள். பலனை வைத்தால் இறுக்குகிறது, எடுத்துவிட்டால் படுத்துவிடுகிறது. இதுதான் நம் தொழில். இதற்கு வழி என்று ஏதாவது புத்தகத்தில் போட்டிருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

முனீஸ் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அது அவனுடைய நல்ல குணம். ஆனால் முகம் தெளியவில்லை. மதுரை போய்த் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பையை எடுத்தான். படலைத் திரும்பிப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். பஸ்ஸில் போகும்போது இவள் மறுபடி விழுந்து கிடப்பதுபோலவே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும். நாளைக்கோ அடுத்த வாரமோ திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். எனக்கு அது தெரிந்தது.

"காப்பி குடிச்சிட்டுப் போலே" என்றாள் சுப்புத்தாய்.

"அடுப்பே எரியல. காப்பிக்கு எங்க போக?"

"இப்பிடி மெலிஞ்சு போயிருக்கியே, அங்கன மருமவ சோறு போடுதாளா இல்லையா? ராத்திரி ஷிப்டு பாக்காதன்னு சொன்னேம்லா. கேட்டியா? ஒங்கய்யாவும் இப்பிடித்தான், சொன்னா ஏறாது."

திட்டிக்கொண்டே நசுங்கின பெட்டியை எடுத்தாள். இடது கையில் பிடித்தாள். கண் அவன் மேல் இருந்தது. உரசினாள். பற்றியது. ஓலையில் வைத்து உள்ளே தள்ளினாள். பேச்சு நிற்கவில்லை. அவன் சம்சாரம், அவன் சட்டை, அவன் போன் செய்யாத ஞாயிற்றுக்கிழமைகள். தண்ணீர் கொதித்தது. கருப்பட்டியும் தூளும் போட்டாள். துணியைச் சுற்றி, சட்டியின் அந்தப் பக்கம் வலது கை, இந்தப் பக்கம் இடது கை. தூக்கி இறக்கினாள். ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்சம் சிந்தியது.

அந்தப் பயிற்சிப் பிள்ளை கைதட்டுவதற்கு இரண்டு கையையும் தூக்கினாள். நான் பிடித்துக் கீழே இறக்கினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். கை வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால், அவர்கள் கையைப் பார்ப்பார்கள். பார்த்தால் போய்விடும்.

முனீஸ் பார்த்துவிட்டான். சட்டியையும் அந்த இடது கையையும் பார்த்தான். பையைத் தோளிலிருந்து இறக்கி ஆணியில் மாட்டினான். வெளியே போய்ப் படலைச் சுற்றி வந்தான்.

"அம்மா, இந்தப் பக்கம் படலு பிரிஞ்சு கெடக்கு. நாய் இதுவழியாத்தான் வந்திருக்கும். கயிறு இருக்கா?"

"பரண்ல கெடக்கு. காப்பியக் குடிச்சிட்டுக் கட்டு."

அன்றைய பஸ்ஸை அவன் விட்டுவிட்டான்.